வேல்விழியின் கை

“அந்த வேல்விழி கையால ஊட்டுனதாலதான் அண்ணாச்சி, என் பிள்ளை இப்படிக் கெடக்கு” ன்னு போர்மேன் கருப்பணன் முன்னால நின்னு கத்துனேன்.

கத்தாம என்ன செய்ய? எம்மக இசைவாணிக்கு ரெண்டு வயசு. விடிஞ்சதுலருந்து பதினோரு தடவை வயித்தால போயி, தலை நிக்காமத் துவண்டுட்டா. எங்க பட்டாசுக் கம்பெனி பால்வாடியில இன்னும் மூணு பிள்ளைகளுக்கும் இதே கதி.

வேல்விழிக்குப் பட்டாசுல மருந்து அடைக்கிற வேலை. அலுமினியப் பவுடர் ஏறி ரெண்டு கையும் ஈயம் பூசுன மாதிரி இருக்கும். மத்தியானம் அந்தக் கையோட வந்து, தன் மகன் கதிரவனுக்கு ஊட்டும்போதே எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுப்பா. பார்த்தாலே எனக்குக் கொமட்டும். நான் லேபிள் ஒட்டுறவ.

இனிமே மகனைக் கொண்டுவரக் கூடாதுன்னு போர்மேன் அவகிட்ட சொல்லிட்டாரு. பிள்ளைய விட எடமில்லேன்னா அவளுக்கு வேலையும் இல்ல. அவ கதிரவனை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நடந்துட்டா. குத்தமுள்ளவ எப்படி நிப்பான்னு அதுக்கும் ரெண்டு ஏசிட்டுத்தான் தாயில்பட்டியிலருந்து விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா குளுக்கோஸ் ஏத்துனாக. இது வைரஸ் கிருமி, ஒரு பிள்ளை மலத்துலருந்து கை வழியா இன்னொரு பிள்ளை வாய்க்குப் போறதுன்னு சொன்னாக. நான் விடுவேனா? வேல்விழி கையைப் பத்தி ஒண்ணு விடாம ஒப்பிச்சேன்.

“அவ மகனுக்கும் போகுதா?”

“இல்லம்மா. அவனுக்கு மட்டும் ஒண்ணுமில்ல.”

“சாப்பாட்டைத் தொடுறதுக்கு முன்னால கை கழுவுவாளா?”

கழுவுவா. பவுடர் போகணும்னு குழாயடியில சோப்பைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே கெடப்பா. பகட்டு பண்றான்னு நாங்க சிரிப்போம்.

“அந்தக் கையில கிருமி எங்கம்மா நிக்கும்? அது வெறும் கறை. சரி, முதல்ல எந்தப் பிள்ளைக்கு வந்துச்சு?”

எம்மகளுக்குத்தான்.

தீவாளி சீசன் நேரத்துல லீவு போட்டா வேலைய விட்டு நிறுத்திருவாகன்னு பயந்து, மூணு நாளைக்கு முன்னால, திங்கக்கிழமையே வயித்தால போய்க்கிட்டிருந்த எம்மகளை, யாருகிட்டயும் மூச்சு விடாம பால்வாடியில விட்டுட்டுப் போனவ நான். இப்ப வேலை போயி நிக்கிறவ வேல்விழி.