இரண்டு கோர்ட்டுக்கும் ஒரே முத்திரை

மணி நாலரை. தம்பியின் ஜாமீன் உத்தரவில் நீதிபதி கையெழுத்துப் போட்டு நாலு நாளாகிறது. காகிதம் கோர்ட்டு ஆபீஸ் மேசையிலேயே கிடக்கிறது. வட்ட முத்திரை குத்தாத உத்தரவைச் சிறையில் சீந்த மாட்டார்கள். இரண்டு கோர்ட்டுக்கும் சேர்த்து இருப்பதோ ஒரே முத்திரை. அதைப் பக்கத்துக் கோர்ட்டு எழுத்தர் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியோடு லீவில் போய்விட்டார். அக்கா பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியிலிருக்கும் பையில் தம்பிக்குத் துவைத்த சட்டை. ஃபைல் கட்டுகளின் மேல் ஜன்னல் கம்பிகளின் நிழல் கோடு கோடாக விழுகிறது. வாசலில் செருப்புச் சத்தம். தலைமை எழுத்தர் கைக்குட்டையில் முத்திரையைப் பொதிந்துகொண்டு மூச்சிரைக்க வருகிறார். “அந்த மனுஷன் வீட்டுக்கே போய் சாவிய வாங்கிட்டு வந்துட்டேம்மா.” ஓங்கிக் குத்துகிறார். மைப்பெட்டி காய்ந்து கிடக்கிறது. தாளில் மங்கலாக ஒரு பிறைதான் விழுகிறது. அக்கா எழுந்து மேசையருகே வருகிறாள். “சார், சிறையில அஞ்சரைக்கு மேல வாங்க மாட்டாங்களே!” “பதறாதம்மா, சிறை பக்கத்துலதான், நடந்தே போயிடலாம்.” குடிக்கிற தண்ணீரில் நாலு சொட்டு மைப்பெட்டியில் விட்டு, விரலால் தேய்த்து, பிறைக்குப் பக்கத்தில் மறுபடி குத்துகிறார். மேசை அதிர்கிறது. கருநீல வட்டம் முழுசாக, ஈரமாக மினுங்குகிறது. “இந்தா, ஊதிக் காய வை.” அக்கா குனிந்து, நாலு நாளாக நெஞ்சில் அடைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதுகிறாள். “மெதுவாம்மா, மெதுவா! இதுக்கு நகல்கூட கிடையாது” என்று சிரித்துக்கொண்டே, பறக்கப் பார்க்கும் தாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்கிறார் எழுத்தர்.