சொல்லி அனுப்புறோம்

நேர்காணல்களில் இளஞ்செழியனுக்கு நாக்கு குழறுகிறது என்று, வீட்டிலேயே பழகிப் பார்க்கச் சொன்னவள் மனைவி தமயந்திதான். மாலையானால் கண்ணாடி மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் அதிகாரியாக உட்காருவாள். அவன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரவேண்டும். அன்று ஒரு புதுக் கேள்வி கேட்டாள்.

"பழைய வேலையை ஏன் விட்டீங்க?"

"மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லிட்டார், மேடம். ரோஷத்துல ஐடி கார்டைக் கழட்டி வீசிட்டேன்."

"வீசுறதுக்கு முன்னாடி வீட்டுல கேட்டீங்களா?"

பழகி வைத்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. "தோணல, மேடம்."

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. "வெளியில இருங்க. சொல்லி அனுப்புறோம்."

ஃபைலை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே குக்கர் விசில் மேல் விசிலாக அடித்தது. போய் அணைக்கலாம்தான், இன்னும் கூப்பிடவில்லையே. நாற்காலி நகரும் சத்தத்துக்காகக் கதவில் காதை வைத்தான்.