கறைக்கு எந்தத் தண்ணீர்?

சலவைத் தொழிலாளிகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு முடிந்து வந்தவளின் கண்கள் சிவந்திருந்தன. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

“என்னம்மா, அழுதியா?”

“வகுப்புல தப்பாச் சொல்லிட்டேங்க. மானம் கப்பலேறிடுச்சு.”

“அப்படி என்ன சொன்னே?”

“துணியில ரத்தக் கறை பட்டா வெந்நீர்ல ஊறப்போடணும்னேன். பாடப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. முப்பது பேரும் கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க.”

“வருஷக்கணக்கா ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவங்க, சிரிக்காம என்ன செய்வாங்க?”

“வெந்நீர் பட்டா கறை கெட்டியாப் பிடிச்சுக்குமாம். ‘இந்தப் புத்தகத்தை எழுதினவர் ஒரு நாளாவது துணி துவைச்சிருப்பாரா?’ன்னு அவங்கள்ல மூத்தவங்க, பெரியக்கா, எழுந்து கேட்டாங்க. கடைசி பெஞ்சுல போய் உட்கார்ந்துட்டேன்.”

“விடு, யானைக்கும் அடி சறுக்கும். இதுக்குப் போயா அழுவாங்க?”

“இதுக்கு அழலைங்க. அப்புறம் பெரியக்கா நேரா போர்டுக்குப் போய் எழுதினாங்க.”

அவன் திகைத்தான். “யாரு? ‘எனக்கெல்லாம் எழுத்து வராது’ன்னு ஆறு மாசமா சாக்பீஸையே தொடாதவங்களா?”

“அவங்களேதான். பக்கத்துல இருந்தவங்க ஒவ்வொரு எழுத்தா எடுத்துக் கொடுத்தாங்க. நான் கடைசி பெஞ்சுல இருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

சொல்லும்போதே அவளுக்கு மறுபடியும் கண் கலங்கியது. செல்போனை அவனிடம் நீட்டினாள். படத்தில், கரும்பலகையின் குறுக்கே, கோணல்மாணலாக இரண்டு வரிகள்:

‘வெந்நீர் வேண்டாம்.
பச்சத் தண்ணிதான் டீச்சர்.’