மூலையில் ஒரு தொட்டி

“அந்தத் தொட்டியை எடுன்னு எத்தனை தடவை சொல்றது?”

மாமனாரின் அன்றாடக் கச்சேரி ஆரம்பமாகிவிட்டது.

“அது அங்கேதான் இருக்கும்.” மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனைவி இருப்பாரா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் மற்றவர்கள் ஊர் சுற்றுவார்கள். மாமனார் தச்சரானார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. வெனீர் என்கிற மெல்லிய தேக்குத் தோல் ஒட்டிய ப்ளைவுட் பலகையை வாங்கிவந்து, சாப்பாட்டு மேசை செய்கிறேன் பேர்வழி என்று பால்கனியை வளைத்துப் போட்டுக்கொண்டார். துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் மரத்தூள் மணத்தது.

“ப்ளைவுட்டோட ஓரம் அடுக்கடுக்கா அசிங்கமாத் தெரியும்மா. சுத்தித் தேக்குச் சட்டம் ஒட்டி இழைச்சுட்டா, முழுத் தேக்குன்னு சத்தியமே பண்ணுவாங்க!” என்று மருமகளுக்கு வகுப்பெடுத்தார்.

பசை தடவினார். கிளாம்ப் போட்டு இறுக்கினார். சட்டமும் பலகையும் ஒரே மட்டமாக வரவேண்டும் என்று உப்புத்தாளால் தேய்த்தார், தேய்த்தார், வீட்டில் எல்லோருடைய பொறுமையும் தேயும்வரை தேய்த்தார். கடைசியில் வார்னிஷ் அடித்தபோது மேசை ஜொலித்தது. பொய் சொல்லக்கூடாது, நிஜமாகவே ஜொலித்தது.

வார்னிஷ் காய்ந்த அன்றே மாமியார் ஒரு மணி பிளான்ட் தொட்டியைத் தூக்கிவந்து மேசையின் மூலையில் ‘டொக்’கென்று வைத்தார். பாராட்டாக ஒரு வார்த்தை கிடையாது. அன்று குடிவந்த தொட்டிதான், இன்னும் காலி செய்யவில்லை.

இன்றைக்கு மாமியாரின் தம்பி சாப்பிட வருகிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். குடும்பத்தில் அவருக்கு ‘ஸ்கேன்’ என்றே பெயர். “அத்தான் செய்ற மேசைக்கு அஞ்சாவது காலா ஒரு ஆளை நிறுத்தணும்” என்று போனிலேயே சிரித்தவர். அவர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கவேண்டுமே என்று மாமனார் காலையிலிருந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார், தொட்டி இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

பாவம் மனுஷர், நாமாவது நியாயம் செய்வோம் என்று, யாரும் பார்க்காத நேரமாக மருமகள் தொட்டியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெனீரே இல்லை. தேய்த்த தேய்ப்பில் மேல்தோல் காணாமல்போய், உள்ளே இருந்த வெளிறிய பலகை பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

“வை அதை!”

மாமியார் பின்னால் நின்றார். குரல் தணிந்தது.

“அவருக்குத் தெரியாதும்மா. கண்ணாடி போடுங்கன்னா கேட்டாத்தானே? தெரிஞ்சா மனுஷர் சோறு தண்ணி இறங்காம உக்காந்துடுவார். என் தம்பி கண்ணுல பட்டுச்சோ, ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பிடிவாதக்காரின்னு பேர்தானே? எனக்கே இருந்துட்டுப் போகட்டும்.”

மருமகள் தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள். இத்தனை நாள் மனசுக்குள் மாமியாரைத் திட்டியதெல்லாம் இப்போது அவளையே குத்தியது.

ஸ்கேன் வந்தார். குனிந்தார். ஓரத்தைத் தடவினார். நகத்தால் சுரண்டினார். ஒட்டு எங்கே என்று அகப்படவில்லை.

“பரவாயில்லையே அத்தான்!” என்றார், பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. “எல்லாம் இருந்து என்ன மாப்ளே? உங்க அக்கா இந்தத் தொட்டியை வெச்சு மொத்த அழகையும் கெடுத்துட்டா. எடுன்னா எடுக்கமாட்டேங்கறா!”

“இவ்வளவுதானே? நான் எடுக்கறேன்.” ஸ்கேன் தொட்டியில் கை வைத்தார்.

மாமியார் முகம் வெளுத்தது. மருமகள் பாய்ந்தாள். இருவரையும் முந்திக்கொண்டு மாமனார் தொட்டியைக் கட்டிப்பிடித்தார்.

“ஐயையோ, தொடாதீங்க மாப்ளே! உங்க அக்கா வெச்சா வெச்சதுதான். எடுத்தா எனக்கு இன்னிக்குச் சோறு கிடையாது!”

ஸ்கேன் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார். மாமியார் பெருமூச்சோடு அடுக்களைக்குள் நுழைந்தார். மருமகள் மாமனாரையே பார்த்தாள்.

“மாமா... உங்களுக்குத் தெரியுமா?”

“மெதுவாம்மா! நான் தேய்ச்சது எனக்குத் தெரியாதா? நல்ல நேரம், உங்க அத்தை எதேச்சையா அங்கேயே தொட்டியை வெச்சா, பிழைச்சேன். அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது.”

“அப்புறம் ஏன் தினமும் எடு, எடுன்னு கத்தறீங்க?”

மாமனார் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்.

“‘இருக்கட்டும்’னு ஒரு நாள் சொல்லியிருந்தா, அன்னிக்கே எடுத்திருப்பாளே!”