திமோத்தியின் கணக்கு

"இந்தப் பையன் ரெண்டு வருஷமா ஒரு பொண்ணோட ரிப்போர்ட்டத் திறந்து பாத்துக்கிட்டு இருக்கான், பாஸ்," என்றாள் சமந்தா.

சஞ்சீவ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுடைய திரையைப் பார்த்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அவர்கள் அலுவலகம். ஒரு தனியார் மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்வது அவர்கள் வேலை. நோயாளிகள் தங்கள் பெயரில் உள்ளே போய்த் தங்கள் மருத்துவ ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளலாம். தங்களுடையதை மட்டும்தான் பார்க்க முடியும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அது அப்படி இல்லை என்று அன்று காலைதான் தெரிந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் உண்டு. உள்ளே போனபிறகு, திரையின் மேலே இருக்கும் இணைய முகவரியில் அந்த எண்ணை மாற்றி அடித்தால் அடுத்தவருடைய ரிப்போர்ட் வந்து நின்றது. வந்திருப்பவர் யார் என்று தளம் சரியாகத்தான் கேட்டது. கேட்கிற ரிப்போர்ட் அவருடையதுதானா என்று கேட்க மறந்துவிட்டது.

சமந்தா பழைய பதிவுகளை எல்லாம் எடுத்து, உள்ளே வந்தவரையும் ரிப்போர்ட்டுக்கு உரியவரையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். லட்சக்கணக்கான வரிகளில் ஒரே ஒரு கணக்குதான் பொருந்தாமல் நின்றது. திமோத்தி, இருபத்து நாலு வயது, கிள்ளான்.

முதல் மூன்று நாளில் அந்தக் கணக்கிலிருந்து நானூற்றுப் பதினெட்டுப் பேருடைய ரிப்போர்ட்டுகள் வரிசையாகத் திறக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு ஒருத்தியுடையது மட்டும். ஜெயமாலா, இருபத்தாறு வயது, ஸ்ரீ கெம்பாங்கான். மாதாமாதம் அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வரும். வந்த அன்றோ மறுநாளோ இவன் அதைத் திறந்து பார்த்திருக்கிறான்.

"நானூறு பேர்ல தேடி ஒருத்தியப் பிடிச்சிருக்கான்," என்றாள்.

ஜெயமாலாவின் வீட்டு முகவரி இருக்கும் பக்கத்தையும் அதே வழியில் திறந்திருக்கலாம். ஒருமுறைகூடத் திறக்கவில்லை. முகவரி அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று சமந்தா முடிவு கட்டினாள். சமந்தா காலேஜில் படித்தபோது ஒருத்தன் எங்கிருந்தோ அவள் நம்பரை வாங்கிக்கொண்டு, நாலு மாதம் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றிருக்கிறான். மூன்று முறை நம்பரை மாற்றிய பிறகுதான் ஒழிந்தான். அன்றைய பயம் இன்றைக்கு ஆத்திரமாக வந்தது.

மதியத்துக்குள் அவளே அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டாள். மருத்துவமனையிடம் சஞ்சீவ் பேசினார். ஜெயமாலாவுக்குத் தாங்களே தகவல் சொல்லிக்கொள்வதாகவும், போலீஸுக்குப் போவதற்கு முன் அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரிக்கும்படியும் அவர்கள் சொன்னார்கள்.

கணக்கில் இருந்த நம்பருக்கு சமந்தா போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண். சமந்தா விஷயத்தைச் சொன்னாள்.

"திமோத்தி வர முடியாதும்மா. நான் அவன் அம்மா. அவனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நாளைக்கு நானே வரேன்."

பிள்ளைக்காகப் பழியை ஏற்றுக்கொள்ள ஓடி வருகிற அம்மா என்று சமந்தாவுக்குத் தோன்றியது. சஞ்சீவிடமும் அப்படித்தான் சொன்னாள்.

மறுநாள் காலை கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து பெர்னடெட் வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் கன்டெய்னர் நம்பர் டைப் செய்தவர். மகனுடைய மருத்துவமனைப் பேப்பர்களைத் தேடியபோது ஒரு நம்பரைத் தவறாக அடித்துவிட்டதாகவும், வேறு யாருடைய ரிப்போர்ட்டோ வந்ததாகவும், அப்போதுதான் இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்ததாகவும் சொன்னார். அதற்குப் பிறகு தெரிந்தேதான் செய்தாராம். மகன் கணக்கில் போய் அத்தனை பேருடையதையும் பார்த்தது தான்தான், வேறு யாரும் இல்லை என்றார். எதையும் மறைக்கிற மாதிரித் தெரியவில்லை.

"அந்தப் பொண்ண உங்களுக்குத் தெரியுமா, ஆன்டி?" என்று சஞ்சீவ் கேட்டார்.

"தெரியாது தம்பி. பேசினதில்ல, பாத்ததுமில்ல. வீடு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

இனி யாருடைய ரிப்போர்ட்டையும் திறக்க மாட்டேன், பார்த்ததை யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுதிய தாளை சஞ்சீவ் முன்னே தள்ளினார். ஒரு வார்த்தையும் படிக்காமல் பெர்னடெட் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது தயங்கினார்.

"இந்த மாசத்து ரிசல்ட்ட நான் இன்னும் பாக்கல. நேத்து ராத்திரி திறக்க மாட்டேன்னுடுச்சு. அந்தப் பொண்ணுக்கு நல்லா இருக்கா, அத மட்டும் சொல்லுங்க தம்பி."

சொல்லக்கூடாது, அது சட்டப்படி குற்றம் என்று சஞ்சீவ் தணிந்த குரலில் சொன்னார். பெர்னடெட் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சமந்தாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"யாரோ ஒரு பொண்ணோட ரத்தம் எப்படி இருந்தா உங்களுக்கு என்ன, ஆன்டி? உங்க பையன் உள்ள ஒளிஞ்சுக்கிட்டு உங்கள அனுப்பி வச்சிருக்கான். கூப்பிட்டது அவனத்தானே, அவன் ஏன் வரல?"

பெர்னடெட் அவளைக் கோபமில்லாமல் பார்த்தார்.

"லோரி மோதி அவன் போய் ரெண்டு வருஷமாச்சும்மா. அன்னைக்கே அவனோட கிட்னிய எடுத்து யாருக்கோ வச்சாங்க, யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேன்னுட்டாங்க. அதான் அந்தத் தேதிய வச்சு நானே தேடிக் கண்டுபிடிச்சு, அதுவாவது இன்னும் உசுரோட இருக்கான்னு மாசாமாசம் பாத்துக்கிட்டு இருந்தேன்."