வலைப்பைக்குள் ரோஜா

மலர்க் கண்காட்சிக்கு என் தோட்டத்தில் ஒரே ஒரு ரோஜாதான் தேறியிருந்தது. பறவை கொத்தாமலிருக்க அதற்கு வலைப்பை மாட்டி, காம்போடு சேர்த்து இறுக முடிந்திருந்தேன். விடிந்து பார்த்தால் முடிச்சு அப்படியே இருக்கிறது, பூவைக் காணோம்!

பக்கத்து வீட்டு நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். "கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? எதுக்கு இந்தத் திருட்டுப் புத்தி?"

"இந்தக் கிராப்புத் தலையில உங்க ரோஜாவை எங்க சொருகறது, அண்ணி? வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க!"

"நாளைக்குள்ள என் பூ வந்தாகணும்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

வந்துவிட்டது. அதே வலைப்பை, அதே முடிச்சு. உள்ளே என் ரோஜா வாடிக் கிடந்தது. வாடிய பூவை எந்தப் போட்டியில் வைப்பது?

காம்பில் ஒரு கொண்டை ஊசி. அதில் சிக்கிய நீளமான நரைமுடி வலைக்கண் வழியாக இறங்கி, செடியடி மண்ணுக்குள் போயிருந்தது.