பூட்டிய அலமாரியில் ஒரு பாராசூட்

பழைய பாராசூட்டுக்கு விலை மதிப்பது என் தொழில். துணி எத்தனை முறை வானத்திலிருந்து இறங்கியதோ, அத்தனைக்கு விலையும் இறங்கும்.

மகன் பிறந்ததும், இனிமேல் குதிப்பதில்லை என்று என் தங்கைக்குச் சத்தியம் செய்துவிட்டு, மாப்பிள்ளை தன் பாராசூட்டை விற்றுத்தரச் சொன்னார்.

“முந்நூறு தடவைதான் குதிச்சிருக்கேன் மச்சான். நம்மாளுன்னு அடிமாட்டு விலை போட்டுடாதீங்க. இதை வெச்சுத்தான் பெரிய வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும்.”

காலையில் மடித்து என் கடை அலமாரியில் பூட்டினேன். மாலையில் ஒருவருக்கு விரித்துக் காட்டினால், துணி வெயிலில் கிடந்ததுபோலச் சுட்டது. மடிப்பில் பச்சைப் புல்விதை ஒன்று. மறுநாளும் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே. யார் குதித்தாலும் தேய்மானம் தேய்மானம்தான். முந்நூற்று மூன்று தடவை என்று கணக்குப் போட்டு விலையைக் குறைத்தேன்.

மாப்பிள்ளை கள்ளச்சாவி வைத்திருக்கிறாரோ என்று கேட்க, நாலாம் நாள் மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“இவரா குதிக்கிறாரு? கட்டில்லேருந்து இறங்கவே தெம்பில்ல அண்ணே,” என்று தங்கை சிரித்தாள். “உங்க மருமகனைப் பாருங்க. தினம் இந்நேரத்துக்கு இப்படித்தான்.”

தொட்டிலில் தூங்கிய குழந்தை இரு கைகளையும் ஏதோ கயிற்றைப் பிடித்ததுபோலத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். வலக்கையை மெல்ல இழுத்தான், பிறகு இடக்கையை. கடைசியில் இரண்டையும் சேர்த்து இழுத்து, முழங்கால்களை மடக்கி, கண் திறந்து பொக்கைவாயால் சிரித்தான்.

மூடியிருந்த விரல்களைத் தங்கை பிரித்தாள். உள்ளே பச்சைப் புல்விதை.

“முந்நூத்தி நாலு,” என்றேன்.